நாய்க்குட்டிக் கழிப்பிடப் பயிற்சி

நாய்க்குட்டிக் கழிப்பிடப் பயிற்சி என்பது, வீட்டில் வளர்க்கப்படும் நாய்க்குட்டி சிறுநீரையும் மலத்தையும் வீட்டுக்குள் கழிக்காமல், வீட்டார் ஒதுக்கிய ஓர் இடத்தில் மட்டும் கழிக்கப் பழக்கும் முறையாகும். குட்டி வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே இது தொடங்கப்பட வேண்டும். பெரும்பாலான குட்டிகள் சில வாரங்களில் இடத்தைப் புரிந்துகொள்கின்றன. ஆயினும் கவலையின்றி வீடு முழுவதும் விடும் அளவுக்குப் பழக்கம் உறுதிப்பட ஆறு மாத வயது வரை ஆகலாம். சிறிய இன நாய்களுக்கு மேலும் சிறிது காலம் பிடிப்பதுண்டு.

இப்பயிற்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. எங்கே கழிப்பது என்பது குட்டி கற்க வேண்டிய பாடம். எப்போது அழைத்துச் செல்வது என்பது வீட்டார் கற்க வேண்டிய பாடம். வீட்டுத் தரையில் ஈரம் காணப்படும்போது பெரும்பாலும் தவறியிருப்பது இரண்டாவது பாடமே. இது புரியாத வீடுகளில் குட்டி அடி வாங்குகிறது. அடியினால் அது ஒளிந்து கழிக்கப் பழகுகிறது. கடைசியில் "இது திருந்தாத நாய்" என்று பெயர் வாங்கி, ஏரிக்கரையிலோ சந்தையிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ விடப்படுகிறது. சரியான நேரத்தில் ஐந்து நிமிடம் வெளியே அழைத்துச் சென்றிருந்தால் அக்குட்டிக்கு அந்த நிலை வந்திருக்காது.

பின்னணி

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கும் தருமபுரிக்கும் இடையே மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அமைந்த ஊராகும். தக்காளி விளைச்சலுக்கும் வியாபாரத்துக்கும் பெயர் பெற்றது. இப்பகுதியின் விவசாயக் குடும்பங்களுக்கு நாய் வளர்ப்பு புதிதன்று. ஆனால் அங்கு நாய் இருந்த இடம் களம், மாட்டுக் கொட்டகை, தோட்டம் ஆகியவையே. குட்டி தாயின் பின்னால் ஓடி, செடி மறைவில் கழித்துவிட்டு வந்துவிடும். யாரும் அதைப் பழக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. மண் தரையும் சாணம் மெழுகிய வாசலும் சிறுநீரை உறிஞ்சிக்கொண்டதால், எங்காவது கழித்திருந்தாலும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிய பின் வீடுகளின் அமைப்பு மாறியது. வரிசையாகக் கட்டப்பட்ட வாடகை லைன் வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும் வந்தன. இவற்றில் புறக்கடை இல்லை. வாசல் பல குடும்பங்களுக்குப் பொதுவானது. தரை டைல்ஸ் பதித்தது. நாய் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது, ஆனால் அது கழிக்க ஒரு பிடி மண் வீட்டில் இல்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பகலில் கதவைத் திறந்துவிடவும் ஆள் இல்லை. ஆகவே, நகர வாழ்க்கையோடு வந்த இச்சிக்கலை நாயின் குணக்கேடாகக் கருதுவது சரியன்று.

உடலியல் அடிப்படை

பிறந்த நாய்க்குட்டியால் முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் நாய் நாக்கால் நக்கித் தூண்டிய பிறகே கழிக்கும். கழிவைத் தாயே உட்கொண்டு படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கண் தெரிந்து நடக்கத் தொடங்கியதும், குட்டி தானாகவே படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்க முற்படுகிறது. படுத்த இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற உணர்வு இவ்வாறு இயல்பாகவே அமைந்துள்ளது. கழிப்பிடப் பயிற்சி முழுவதும் இந்த உணர்வின் மேல்தான் கட்டப்படுகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1965-இல் நூலாக வெளியிட்டனர். குட்டிகளுக்கு மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலம், மனிதரோடும் சூழலோடும் பழகுவதற்கு மிக முக்கியமானது என்பது அவர்களது ஆய்வின் புகழ்பெற்ற முடிவுகளுள் ஒன்று. ஏறக்குறைய எட்டு, ஒன்பது வார வயதில் குட்டிகள் குறிப்பிட்ட இடத்தையும் குறிப்பிட்ட வகைத் தரையையும் விரும்பிக் கழிக்கத் தொடங்குகின்றன. புல்லில் பழகிய குட்டி புல்லைத் தேடும். சிமெண்டுத் தரையில் பழகிய குட்டி சிமெண்டைத் தேடும். நாள் முழுவதும் கூண்டிலேயே அடைத்து, கழிவின் மேலேயே படுக்கவிட்டு வளர்க்கப்பட்ட குட்டிகளிடம் இயல்பான தூய்மை உணர்வு மங்கிவிடும். அத்தகைய குட்டிகளைப் பழக்குவதற்கு இரு மடங்கு பொறுமை தேவை. குட்டியை வாங்கும்போது அது இருந்த இடத்தை நேரில் பார்ப்பது இதனால் நல்லது.

சிறுநீரை அடக்கும் திறன் வயதுக்கேற்ப வளர்கிறது. மாதக் கணக்கில் குட்டியின் வயதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்ணே, அது அதிகபட்சமாக அடக்கக்கூடிய மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. அதன்படி இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரமும், மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரமும் தாங்கும். இது அமைதியாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். விழித்து விளையாடும் குட்டிக்கு அரை மணிக்கு ஒரு முறைகூடச் சிறுநீர் வரலாம். உறங்கும்போது சற்றுக் கூடுதல் நேரம் அடக்க முடியும்.

உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது பாலூட்டிகளின் இயல்பு. ஆகவே உணவு உண்ட ஐந்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் பெரும்பாலான குட்டிகள் மலம் கழிக்கின்றன. குறித்த நேரத்தில் உணவு கொடுத்தால் மலம் கழிக்கும் நேரத்தையும் முன்கூட்டியே அறியலாம். தட்டில் நாள் முழுவதும் உணவை வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது.

முன்னேற்பாடுகள்

குட்டி வருவதற்கு முன்பே கீழ்க்கண்டவற்றை முடிவு செய்ய வேண்டும்.

• இடம்: தோட்டத்தின் ஒரு மூலை, மொட்டை மாடியில் மண் நிரப்பிய தட்டு, குளியலறைக்கு அருகில் ஒரு தட்டு என ஏதேனும் ஒன்று. முடிவு செய்தபின் இடத்தை மாற்றக் கூடாது.

• தரை: பின்னாளில் வெளியே மண்ணிலோ புல்லிலோ கழிக்க வேண்டுமென்றால், தட்டிலும் அதே மண்ணைப் போட வேண்டும். செய்தித்தாளில் பழக்குவது எளிதாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு பழகிய குட்டி, தரையில் கிடக்கும் எந்தத் தாளையும் கழிப்பிடமாகவே கருதும். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமும் அதற்கு விலக்கன்று.

• சொல்: குட்டி கழிக்கத் தொடங்கும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டைப் பகுதியில் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. பாட்டி ஒரு மொழியிலும் பேரன் இன்னொரு மொழியிலும் கட்டளையிட்டால் குட்டி எதையும் பிடித்துக்கொள்ளாது. எந்த மொழியானாலும் வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

• எல்லை: பயிற்சிக் காலத்தில் குட்டியை வீடு முழுவதும் விடக் கூடாது. யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் அறையிலோ, தடுப்பு வைத்த சிறு பகுதியிலோதான் அது இருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாதபோது வீட்டின் மறுகோடிக்குச் சென்று கழிப்பது குட்டியின் இயல்பான தூய்மை உணர்வே ஆகும். அதற்கு வீட்டின் மறுகோடி "வெளி".

• கூண்டு: பயன்படுத்துவதாயின், குட்டி நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் போதுமானது. மிகப் பெரியதாக இருந்தால் ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். கூண்டைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது. அடக்க முடியாத நேரம் வரை பூட்டி வைக்கவும் கூடாது.

பயிற்சி முறை

குட்டியைக் கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நேரங்கள் பின்வருமாறு:

• காலையிலும் பகல் உறக்கத்திலிருந்தும் எழுந்தவுடன்

• ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும், நிறையத் தண்ணீர் குடித்த பின்னும்

• விளையாடி முடித்தவுடன், நீண்ட விளையாட்டாயின் இடையிலும்

• விருந்தினர் வரவு போன்ற பரபரப்புக்குப் பின்

• இரவு உறங்கும் முன்

• விழித்திருக்கும் வேளையில் மேற்கண்டவை இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒரு முறை

இவை தவிர, குட்டி காட்டும் அடையாளங்களையும் கவனிக்க வேண்டும். விளையாட்டைத் திடீரென விட்டுவிடுதல், தரையை மோந்து கொண்டே நடத்தல், ஒரே இடத்தில் வட்டமிடுதல், கதவருகே நின்று முனகுதல், சோபாவுக்குப் பின்னால் நழுவுதல் ஆகியவை பொதுவான அடையாளங்கள். இவற்றைக் கண்டதும் பேச்சில்லாமல் உடனே அழைத்துச் செல்ல வேண்டும். மிகச் சிறிய குட்டியைத் தூக்கிச் செல்வது நல்லது. நடத்திச் சென்றால் பாதி வழியிலேயே கழித்துவிடும்.

கழிப்பிடத்தில் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் வரை காத்திருக்கலாம். விளையாட்டுக் காட்டக் கூடாது. குட்டி கழித்து முடித்த அதே நொடியில் அன்பாகப் பாராட்டி, கையில் தயாராக வைத்திருக்கும் சிறு துண்டு உணவைக் கொடுக்க வேண்டும். வேகவைத்த முட்டை அல்லது கோழிக்கறியின் நகக்கண் அளவுத் துண்டு போதும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் கலந்த உணவு ஆகியவை நாய்க்கு நஞ்சாகும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பரிசை வீட்டுக்குள் வந்த பிறகு கொடுப்பது பலரும் செய்யும் பிழை. குட்டியைப் பொறுத்தவரை அந்தப் பரிசு "உள்ளே வந்ததற்கு" ஆகிவிடுகிறது. ஆசிரியர் பயிற்சியில் கற்பிக்கப்படும் தார்ண்டைக்கின் விளைவு விதியும் ஸ்கின்னரின் வலுவூட்டல் கொள்கையும் இங்கு அப்படியே பொருந்துகின்றன. இவ்விருவரும் தம் கொள்கைகளை விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்தே வகுத்தனர். இனிய விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும். ஆனால் விளைவு செயலை ஒட்டி உடனே வர வேண்டும்.

கழித்து முடித்ததும் குட்டியை உடனே உள்ளே இழுத்து வரக் கூடாது. கழித்தால் வெளி உலாவல் முடிந்துவிடும் என்று புரிந்துகொண்டால், குட்டி வேண்டுமென்றே தாமதிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடம் வெளியே விளையாடவிட்டு அழைத்து வரலாம். ஐந்து நிமிடத்தில் எதுவும் கழிக்காவிட்டால் உள்ளே கொண்டுவந்து, கண் பார்வையிலேயே வைத்திருந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டும்.

ராயக்கோட்டை, ஓசூர், தளி போன்ற மேட்டு நிலப் பகுதிகளில் மார்கழி, தை மாத விடியற்காலை கடும் குளிராக இருக்கும். அப்போது குட்டி வாசலிலேயே திரும்பிவிடப் பார்க்கும். பாதி கழித்துவிட்டு உள்ளே ஓடிவந்து மீதியை அறையில் கழிக்கும். குளிர்காலத்தில் இளைப்பின் வழியே வெளியேறும் நீர் குறைவதால் சிறுநீரும் கூடுதலாகவே இருக்கும். கூரையுள்ள ஓர் இடத்தைக் கழிப்பிடமாக வைப்பதும், இன்னும் சில நிமிடம் பொறுத்து நிற்பதும் இதற்குத் தீர்வுகளாகும்.

குறிப்பேடு

பள்ளியில் வருகைப் பதிவேடு இருப்பதுபோல, முதல் இரண்டு வாரங்களுக்குக் குட்டிக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருப்பது மிகுந்த பயன் தரும். உண்ட நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம், கழித்த நேரம், கழித்த இடம் ஆகிய ஐந்தையும் எழுதினால் போதும். ஒரு பக்கம் இவ்வாறு அமையலாம்:

6.10 எழுந்தது, வெளியே சிறுநீர்

7.00 உணவு

7.20 வெளியே மலம், சிறுநீர்

8.15 உறக்கம்

9.40 எழுந்தது

9.45 சோபா அருகே சிறுநீர்

இதை வாசிக்கும் எவருக்கும் பிழை எங்கே என்பது தெரியும். 9.40-க்கு எழுந்த குட்டியை யாரும் வெளியே அழைத்துச் செல்லவில்லை. சிறுநீரை அது ஒன்றரை மணி நேரம் உறக்கத்தில் அடக்கி வைத்திருந்தது. எழுந்த பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்தது. மறுநாள் 9.40-க்கு ஒருவர் அருகில் இருந்தால் இந்தக் கடைசி வரி குறிப்பேட்டில் இடம்பெறாது. ஒரு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் குட்டிக்கே உரிய கால அட்டவணை கிடைத்துவிடும்.

ஷிப்ட் வேலையும் நாய்க்குட்டியும்

தொழிற்சாலை ஷிப்ட் எட்டு மணி நேரம். கம்பெனி பஸ்ஸில் போகவும் வரவும் ஒவ்வொரு மணி நேரம் என்று கொண்டால், வீடு பத்து மணி நேரம் பூட்டிக் கிடக்கும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரமே அடக்க முடியும். எனவே அந்தப் பத்து மணி நேரத்தில் அது குறைந்தது மூன்று முறை கழித்தே ஆக வேண்டும். பூட்டிய வீட்டில் அது எங்கே கழிக்கும்? மாலையில் வந்து அடிப்பவர், முடியாத ஒன்றைச் செய்யாததற்காக அடிக்கிறார்.

இத்தகைய வீடுகளுக்கு நடைமுறையில் உதவும் வழிகள்:

• கணவன், மனைவி வேறு வேறு ஷிப்டில் இருந்தால் குட்டி தனித்திருக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

• குட்டி வரும் முதல் வாரத்தில் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். பழக்கத்தின் அடிப்படை அந்த வாரத்திலேயே அமைந்துவிடும்.

• பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சாவி கொடுத்து, பகலில் இரண்டு மூன்று முறை வெளியே விடச் சொல்லலாம். சொல்லும் இடமும் பரிசும் ஒன்றாக இருக்குமாறு அவருக்கு ஒரு முறை செய்து காட்ட வேண்டும்.

• யாரும் இல்லையெனில், தடுப்பு வைத்து ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு கோடியில் படுக்கையும் தண்ணீரும், மறு கோடியில் மண் தட்டும் வைக்கலாம். குட்டி படுக்கையை விட்டு விலகித் தட்டுக்குச் செல்லும். இதில் பயிற்சி மெதுவாகவே முன்னேறும். ஆனால் பழக்கம் கெடாது.

• இவற்றுள் எதுவும் முடியாதவர் குட்டிக்குப் பதிலாக வளர்ந்த நாயைத் தத்தெடுக்கலாம். வளர்ந்த நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் அடக்கும். அல்லது வேலை நேரம் மாறும் வரை நாய் வளர்ப்பையே தள்ளிப்போடலாம்.

வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் வீடுகளில் உணவு நேரமும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதரின் ஷிப்ட் மாறினாலும் குட்டியின் வயிற்றுக்கு ஷிப்ட் மாறாது.

இரவில் கழித்தல்

இரண்டு, மூன்று மாதக் குட்டிக்கு இரவில் ஒரு முறையாவது கழிக்க வேண்டியிருக்கும். குட்டியின் படுக்கை வீட்டார் உறங்கும் இடத்துக்கு அருகிலேயே இருந்தால் அதன் முனகல் காதில் விழும். அப்போது பேச்சோ விளையாட்டோ இன்றி வெளியே கொண்டு சென்று, கழித்ததும் மீண்டும் படுக்க வைக்க வேண்டும். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிடலாம். ஆனால் பகலில் தண்ணீரைக் குறைப்பது தவறு. அது சிறுநீர்ப் பாதைக்குக் கேடு. கோடையில் உயிருக்கே ஆபத்து. நான்கு, ஐந்து மாதங்களில் பெரும்பாலான குட்டிகள் இரவு முழுவதும் அடக்கப் பழகிவிடுகின்றன.

வீட்டுக்குள் கழித்துவிட்டால்

கழிக்கும்போதே கண்டால், மெல்லக் கைதட்டிக் கவனத்தைத் திருப்பி, உடனே தூக்கிக் கழிப்பிடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். மீதியை அங்கே கழித்தால் பாராட்ட வேண்டும். கழித்து முடித்த பிறகு கண்டால் செய்ய வேண்டியது ஒன்றே: சத்தமில்லாமல் சுத்தம் செய்துவிட்டு, குறிப்பேட்டில் நேரத்தை எழுதுவது.

மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, கழிவின் அருகே இழுத்துச் சென்று திட்டுவது ஆகியவை நம் ஊர்களில் பரம்பரையாகச் சொல்லப்படும் முறைகள். இவற்றால் பயன் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் செய்ததையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் இணைத்துப் பார்க்க இயலாது. மனிதர் முன்னிலையில் கழித்தால் ஆபத்து என்பதை மட்டும் அது கற்கும். அதன்பின் கழுத்துக் கயிற்றோடு வெளியே நிற்கும்போதும் எஜமானர் எதிரில் கழிக்காது. உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். "வேண்டுமென்றே பழிவாங்குகிறது" என்று வீட்டார் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

வீட்டார் வந்ததும் குட்டி காதை மடக்கி, வாலை ஒடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் குற்ற உணர்வு என்று பலர் எண்ணுகின்றனர். மனிதரின் முகத்தையும் குரலையும் கண்டு அஞ்சி அவரைச் சாந்தப்படுத்த நாய் காட்டும் உடல்மொழி அது.

தரையைச் சுத்தம் செய்தல்

நாயின் மோப்பத் திறன் மனிதனைவிடப் பல மடங்கு கூர்மையானது. ஒரு முறை கழித்த இடத்தில் சிறிது மணம் எஞ்சியிருந்தாலும் அதுவே அடுத்த முறைக்கு அழைப்பாகிவிடும்.

முதலில் பழந்துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்துப் பரப்பக் கூடாது. பிறகு தண்ணீரும், என்சைம் கலந்த சலவைத் தூளும் கொண்டு கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து உலர விட வேண்டும். என்சைம்கள் மணத்துக்குக் காரணமான பொருள்களைச் சிதைக்கின்றன. வினிகரைத் தண்ணீரில் கலந்தும் துடைக்கலாம். ஆனால் பளிங்கு, கடப்பாக் கல் தரைகளில் அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும். பாயையும் சாக்கையும் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். சாணம் மெழுகிய தரையாயின் அந்த இடத்து மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மெழுகுவது நல்லது.

பினாயில் மனித மூக்குக்கு மட்டுமே மணத்தை மறைக்கிறது. குட்டி ஈரத் தரையை நக்கினால் அது நஞ்சாகவும் ஆகலாம். அம்மோனியா கலந்த திரவங்களின் மணம் சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேரடியாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் மூச்சுத்திணறச் செய்யும் வாயு உண்டாகும்; கழிப்பறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலப்பது மேலும் ஆபத்து.

தடுப்பூசியும் வெளியிடமும்

குட்டியை வெளியே பழக்க வேண்டும் என்பதும், தடுப்பூசி முடியாமல் தெருவில் விடக் கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். பார்வோ வைரஸ் நோய் குட்டிகளுக்கு வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்கி, சில நாள்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. இவ்வைரஸ் நோயுற்ற நாயின் மலத்தின் வழியே மண்ணில் கலந்து பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். சாதாரண பினாயிலுக்கு இது கட்டுப்படாது.

பொதுவாக ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசியும், மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகளும், ஏறத்தாழ 16 வாரம் வரை போடப்படுகின்றன. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாத வயதில் போடப்படுகிறது. இந்த ஊசிகள் முடியும் வரை, மற்ற நாய்கள் வராத சொந்தத் தோட்டம், மொட்டை மாடி, மண் தட்டு ஆகியவற்றையே கழிப்பிடமாகக் கொள்ள வேண்டும். தெரு, பஸ் நிலையம், சந்தை ஆகிய இடங்களில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. தட்டில் இட்ட மண்ணும் தெருநாய்கள் உலவாத இடத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

நோய் காரணமாக இருந்தால்

பழகிய குட்டி திடீரென வீட்டுக்குள் கழிக்கத் தொடங்கினால், பயிற்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கவனிக்க வேண்டியவை:

• அடிக்கடி, சிறிது சிறிதாக, முக்கிச் சிறுநீர் கழித்தல், சிறுநீரில் இரத்தம். இவை சிறுநீர்ப் பாதைத் தொற்றின் அறிகுறிகளாகும்.

• உறக்கத்திலும் நடக்கும்போதும் சொட்டுச் சொட்டாக ஒழுகுதல். சிறுநீரகக் குழாய் பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருந்தால் இவ்வாறு நேரும். பெண் குட்டிகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எந்தப் பயிற்சியாலும் இது மாறாது. அறுவை சிகிச்சையோ மருந்தோ தேவைப்படும்.

• அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தல்.

• நீர்த்த மலம், மலத்தில் புழு, வாந்தி, சோர்வு. இரத்தக் கழிச்சலாயின் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

நோயும் பயிற்சிக் குறையும் அல்லாத வேறு காரணங்களும் உண்டு. அன்னியரையோ அதட்டும் குரலையோ கண்டு அஞ்சிக் குனிந்து சிறுநீர் விடும் குட்டிக்கு அது தன் வசமில்லாத செயல். திட்டினால் மேலும் கூடும். அதன் எதிரில் நிமிர்ந்து நிற்காமல், பக்கவாட்டில் குந்தி, மெல்லப் பேசினால் வளர வளரக் குறைந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் சுவர், நாற்காலிக் கால் முதலியவற்றில் காலைத் தூக்கிச் சிறிதளவு விடுவது எல்லை குறிக்கும் செயல். கருத்தடை செய்வதால் இது பெரும்பாலும் குறையும். ஆள் இல்லாதபோது மட்டும் கழித்து, ஊளையிட்டு, கதவைப் பிறாண்டும் நாய்க்குத் தனிமை அச்சம் இருக்கலாம்.

வீட்டார் நலம்

நாய்க்குட்டிகளின் குடலில் உருண்டைப் புழு பரவலாகக் காணப்படுகிறது. மலத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் முதிர்ந்த பிறகே தொற்றும் நிலையை அடைகின்றன. ஆகவே மலத்தை அன்றன்றே அகற்றிவிட்டால் ஆபத்து பெருமளவு நீங்கும். மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் சிறு பிள்ளைகளுக்கே இத்தொற்று கூடுதலாக வருகிறது. குட்டிக்கு மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். கீரைப் பாத்தியையும் தக்காளி, கொத்தமல்லி வயலையும் கழிப்பிடமாக்கக் கூடாது. நாய் மலத்தை அவற்றுக்கு எருவாகவும் இடக் கூடாது.

எலிக் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க் கிருமி, நோயுற்ற நாயின் சிறுநீரிலும் வெளிப்படும். கையில் வெட்டுக்காயம் உள்ளவர் கையுறை அணிந்தே சுத்தம் செய்ய வேண்டும். நாய்களுக்குப் போடப்படும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இந்நோய்க்கான பாதுகாப்பும் அடங்கும்.

சட்டமும் பொறுப்பும்

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. தாயிடமிருந்து தூய்மைப் பழக்கத்தைக் கற்கவும் இந்த எட்டு வாரங்கள் தேவை.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 11-ஆம் பிரிவின்படி, விலங்கைத் தேவையின்றி அடித்துத் துன்புறுத்துவதும், பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் அதைக் கைவிடுவதும் குற்றங்களாகும். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. அபராதம் சிறிது என்பதால் செயல் சிறிதாகிவிடாது. தெருவில் விடப்படும் வீட்டுக் குட்டிக்கு இரை தேடவும் வாகனத்துக்கு ஒதுங்கவும் தெரியாது. பிழைத்தாலும், தடுப்பூசியும் கருத்தடையும் இல்லாத இன்னொரு தெருநாயாக ஊருக்குச் சுமையாகிறது.

தெருவிலும் அடுத்தவர் வாசலிலும் தம் நாய் கழித்தால் அதை அகற்றுவது வளர்ப்பவரின் கடமை. பழைய செய்தித்தாளோ பையோ கொண்டு எடுத்து அப்புறப்படுத்தலாம். லைன் வீடுகளில் நாய் வளர்ப்பு பற்றி எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் செய்யாததால் வருவதே. வீட்டுக்காரர் நாயைக் காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொன்னால், முதலில் இடம் இழப்பது நாயே.

பயிற்சி நிறைவு

தொடர்ந்து ஒரு மாதம் வீட்டுக்குள் எதுவும் கழிக்காத குட்டியைப் பழகியதாகக் கொள்ளலாம். அதன்பின் ஒரு நேரத்தில் ஓர் அறை என்ற கணக்கில் எல்லையை விரிக்க வேண்டும். உணவுப் பரிசைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பாராட்டைக் குறைக்க வேண்டாம். வேறு வீட்டுக்குக் குடிபோனாலும், உறவினர் வீட்டுக்கு அழைத்துச் சென்றாலும், அந்த இடம் நாய்க்குப் புதிய பாடமே. முதல் சில நாள்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து அழைத்துச் சென்று காட்ட வேண்டும். ஒரு முறை கற்ற குட்டி இரண்டாம் முறை விரைவில் கற்றுக்கொள்ளும்.